சோப்பு டப்பாவும் இருபத்திரண்டு கிலோவும்

மோனிகா: மாமா, அத எதுக்கு வெளிய எடுத்தீங்க? இப்பத்தான அட்டைப்பெட்டிய ஒட்டி முடிச்சேன்.

தியோடர்: எத?

மோனிகா: கையில புடிச்சிருக்கீங்களே... சுனில் செஞ்ச ஆம்ப்ளிஃபயர்.

தியோடர்: ஓ, இந்த சோப்பு டப்பாவா? சும்மா... துண்டுல நல்லா சுத்தியிருக்கியான்னு பாத்தேன்.

மோனிகா: ரெண்டு துண்டுல சுத்தியிருந்தேன்.

தியோடர்: ஒரு துண்டுதான் இருந்துச்சு.

மோனிகா: மாமா...

தியோடர்: சரி, நேரா சொல்லிடறேன். இத இங்கயே வுட்டுட்டுப் போம்மா. அதுக்கு பதிலா நான் செஞ்ச ஆம்ப்ளிஃபயர, அந்தப் பெருச நீ எடுத்துக்கோ.

மோனிகா: அதையா? இருபத்திரண்டு கிலோ இருக்கு அது!

தியோடர்: இருபத்திரண்டரை.

மோனிகா: ஆனேக்கல்ல அம்மா வீட்டுல எனக்குன்னு இருக்கறது ஒரு ரூமு. கட்டில போட்டா பீரோ கதவு பாதிதான் தொறக்கும். அதுல இந்த மலைய எங்க கொண்டு போய் வெப்பேன்?

தியோடர்: கட்டில் மேலயே வையி. டிசம்பர் குளிருக்கு இதமா இருக்கும்.

மோனிகா: சிரிப்பு வருதா உங்களுக்கு?

தியோடர்: ஒனக்கு வருதான்னு பாத்தேன். நீ சிரிச்சு பதினோரு மாசம் ஆச்சு, அவன் போனதுலருந்து.

மோனிகா: ...நீங்க மட்டும்?

தியோடர்: என்னை வுடு. எனக்கு அறுபத்தி மூணு.

மோனிகா: நான் போகவே வேணாம்னு இருந்தேன் மாமா. நீங்கதான் போ போன்னு...

தியோடர்: பின்ன? ஒனக்கு வேலை பொம்மசந்திரா லேபுல. இந்த ஒக்கலிபுரத்துலருந்து தினம் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். பஸ்ஸுலயே பாதி ஆயுசு போவுது. ஒங்கம்மா வீட்டுலருந்துன்னா அரை மணிதான். அதோட...

மோனிகா: அதோட?

தியோடர்: ஒங்கம்மா எவனையாவது பாத்து வெச்சா, எடுத்த எடுப்புல வேணாம்னு சொல்லாத.

மோனிகா: அந்தப் பேச்சு வேணாம்.

தியோடர்: வேணாம்னா வேணாம். சொல்லி வெச்சேன், அவ்ளோதான். பெருச எடுத்துக்கறியா?

மோனிகா: முதல்ல ஏன்னு சொல்லுங்க.

தியோடர்: முதுகு வலிக்குதும்மா. தூசி தட்டக்கூட அத நகத்த முடியல. சூடு வேற. வெயில் காலத்துல அது பக்கத்துல ஒக்காந்தா வேர்த்துக் கொட்டுது.

மோனிகா: கோலார்லருந்து லாரியில வரும்போது உங்க மடியில வெச்சுக்கிட்டு வந்தீங்களாம். அப்ப வலிக்கலையா?

தியோடர்: யாரு சொன்னா?

மோனிகா: சுனில்தான். ‘எனக்குப் பதினோரு வயசு. தங்க மைன்ஸை மூடிட்டாங்க, ஊரே அழுவுது. நான் லாரியில பின்னாடி பாத்திரங்களோட, ஆம்ப்ளிஃபயர் முன்னாடி அப்பா மடியில’ன்னு சொல்லுவாரு.

தியோடர்: ஆள் எங்க வேணா ஒக்காந்துக்கலாம். உள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் ஆடுனா கம்பி அறுந்துடும். மைன்ஸ் ஒர்க்ஷாப்புல ஷிஃப்ட்டு முடிஞ்சு, மத்தவன்லாம் வீட்டுக்குப் போனப்புறம் ஒக்காந்து கையால சுத்துனது. தெனமும் பெரிய பெரிய மோட்டாருக்கு வைண்டிங் போடற கை. இதுக்குன்னா கம்பிய நூல் மாதிரி சுத்தணும். ஒரு சுத்து தப்புனா மறுபடியும் மொதல்லருந்து.

மோனிகா: அப்படிப்பட்டத எனக்குக் குடுத்துட்டு சோப்பு டப்பாவ வெச்சுக்கறேங்கறீங்க. அதுக்குப் பேரு வெச்சதே நீங்க. அவரு அதச் செஞ்சு கொண்டாந்து மேசை மேல வெச்ச அன்னிக்கு என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

தியோடர்: என்னென்னமோ சொல்லுவேன்...

மோனிகா: ‘இதுல பாட்டு கேக்க முடியாதுடா, குளிக்கலாம்’னீங்க.

தியோடர்: அவனும் சிரிச்சான்.

மோனிகா: சிரிச்சாரு. அப்புறம் எங்க ரூமுக்கு வந்து ஒரு மணி நேரம் பேசல.

தியோடர்: ...அது தெரியாது எனக்கு.

மோனிகா: உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான்.

தியோடர்: நான் சொன்னது வேடிக்கைக்கும்மா. உள்ளங்கை அளவு ஒரு போர்டு. ஒரு சிப்பு. லேப்டாப்புக்குப் போடற மாதிரி ஒரு அடாப்டர். எடையே இல்ல. டிஜிட்டல்னு சொல்லி கடையில விக்கறான். நாப்பது வருஷம் கம்பியோட கெடந்தவன்கிட்ட அதக் கொண்டாந்து ‘எப்படிப்பா இருக்கு’ன்னா வேற என்ன சொல்லுவேன்?

மோனிகா: பொறுமையா விளக்கினாரே.

தியோடர்: ஆமா, குழாய் கதை. ‘உங்களுது எப்பவும் பாதி தொறந்தே இருக்கற குழாய்ப்பா. பாட்டு வந்தாலும் வராட்டியும் தண்ணி போய்க்கிட்டே இருக்கும், அதான் அந்தச் சூடு. என்னுது ஒண்ணு முழுசா தொறக்கும், இல்ல முழுசா மூடும். ஒரு செகண்டுக்கு லட்சம் தடவ. வீணாப் போறது கம்மி’ன்னான். நான் வுடுவேனா... ‘லட்சம் தடவ தொறந்து மூடுனா பாட்டு வராதுடா, வாஷர்தான் போவும்’னேன்.

மோனிகா: கடைசி வரைக்கும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல நீங்க. மன்னிச்சுக்கோங்க. ஊருக்குப் போறப்ப சொல்ற பேச்சு இல்ல இது.

தியோடர்: பரவால்ல. ஒண்ணு பண்ணலாமா? போறதுக்கு முன்னாடி ரெண்டையும் ஒரு தடவ கேக்கலாம். பெருச காலையிலயே போட்டு வெச்சுட்டேன். சூடேறி இருக்கும்.

மோனிகா: காலையிலயேவா? அப்ப எல்லாம் முன்னாடியே முடிவு பண்ணியாச்சு!

தியோடர்: அதுக்கு இருபது நிமிஷம் ஆவும்ல. சட்டுனு எழுந்து பாடாது. என்னை மாதிரி. காப்பி குடிச்சாத்தான்...

நாகேஷ்: மேடம்! நாகேஷ், டெம்போ! கீழ சாமான்லாம் ஏத்தியாச்சு. ஹொரடோணா... பொறப்படலாமா?

மோனிகா: பத்து நிமிஷம் அண்ணா! ஒரே ஒரு பெட்டி பாக்கி.

நாகேஷ்: பேகா பன்னி மேடம், சீக்கிரம். பின்னால வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு சாகடிக்கறான்.

தியோடர்: நீ டீ குடிச்சிட்டு வாப்பா! ...இரும்மா, டிரெயின் வருது. போவட்டும். அது போற வரைக்கும் பாட்டு போட்டு பிரயோஜனம் இல்ல.

மோனிகா: சுனிலும் இப்படித்தான். பாட்ட நிறுத்திட்டு, ஒரு விரல தூக்கிக்கிட்டு நிப்பாரு.

தியோடர்: நான் நிப்பேன், அதப் பாத்து அவன் நிப்பான்... போச்சு. இப்பப் போடு. அந்த நாதஸ்வரம். தவில் தனியா வர்ற எடம்.

மோனிகா: எதுல முதல்ல?

தியோடர்: என்னுதுல.

மோனிகா: ...நல்லா இருக்கு மாமா. ரூமே நெறஞ்ச மாதிரி.

தியோடர்: தவில் உருண்டு வருது, பாத்தியா? கல்யாண வூட்டுக்கு வெளிய பந்தல்ல நிக்கற மாதிரி. சரி, ஒயர மாத்து. இப்ப சின்னது. சவுண்ட ஒரு துளி ஏத்து, என்னுது கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி. ஏத்தக்கொறைச்சலா இருந்தா காது சத்தமா இருக்கறதத்தான் நல்லதுன்னு சொல்லும்.

மோனிகா: அதுவும் சுனில் சொல்றது.

தியோடர்: கேளு... கேளு... அங்க. தோல்ல வெரல் படறது தெரியுது. வெரல்ல கூடு போட்டிருக்கான், அந்தக் கூடு மட்டும் தனியா கேக்குது. அடி விழுந்து, அடுத்த அடி விழற வரைக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. சுத்தமா...

மோனிகா: மாமா.

தியோடர்: ம்?

மோனிகா: இத நீங்க புகழ்ந்து நான் கேட்டதே இல்ல.

தியோடர்: புகழல. இருக்கறத சொன்னேன்.

மோனிகா: அவரு இருந்தப்ப சொல்லியிருக்கலாம்.

தியோடர்: அவன் இருந்தப்பத்தான் போட்டியிலயே தோத்துட்டானே.

மோனிகா: ...எந்தப் போட்டி?

தியோடர்: என்னம்மா, தெரியாத மாதிரி கேக்கற? நீதான் பெட்ஷீட்டுக்குப் பின்னால நின்னு ஒயர மாத்தி மாத்திப் போட்ட. ‘அப்பா, வாய்ப்பேச்சு வேணாம். ரெண்டையும் மறைச்சு வெப்போம். எது பாடுதுன்னு உங்களுக்குத் தெரியாது. பத்துப் பாட்டு. எது நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுங்க’ன்னான். ஜன்னல்லருந்து பீரோ வரைக்கும் கொடி கட்டி நீலக் கலர் பெட்ஷீட்டு. மீட்டர் வெச்சு ரெண்டு சத்தத்தையும் ஒண்ணாக்கறதுக்கே முக்கா மணி நேரம். சர்ச்சு விட்டு வந்து சாப்பிடக்கூட இல்ல.

மோனிகா: பிரியாணி ஆறிப் போச்சு.

தியோடர்: ஆமா, பிரியாணி! நான் முதல்னு சொல்லுவேன், ரெண்டாவதுன்னு சொல்லுவேன். அவன் காலண்டர் தாளுக்குப் பின்னால குறிச்சுக்கிட்டே வந்தான். பத்தும் முடிஞ்சப்புறம் கூட்டிப் பாத்துட்டு எழுந்து வந்து கையக் குடுத்தான். ‘அப்பா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. உங்க காத ஏமாத்த முடியல’ன்னான்.

மோனிகா: அப்புறம் ஊரெல்லாம் சொன்னீங்க.

தியோடர்: சொன்னேன்.

மோனிகா: சர்ச்சுல சொன்னீங்க. பேக்கரியில சுந்தரராமன் சார்கிட்ட சொன்னீங்க. சுனிலையே பக்கத்துல நிக்க வெச்சு, ‘என் பையன் இஞ்சினியரு, அப்பனோட மைன்ஸ் டப்பாகிட்ட தோத்தான்’னு...

தியோடர்: அவன் கோச்சுக்கலையே. சிரிச்சுக்கிட்டேதான நின்னான்?

மோனிகா: சிரிச்சுக்கிட்டேதான் நின்னாரு.

தியோடர்: அதுக்கப்புறம் மூணு வாரம் கூட இல்ல. காய்ச்சல்னு படுத்தான். டெங்குன்னாங்க. நல்லாத்தான் பேசிட்டிருந்தான்... ஆறாவது நாள் ஐசியூ வாசல்ல நான் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம்.

மோனிகா: மாமா, வேணாம்.

தியோடர்: வேணாம்.

நாகேஷ்: உள்ள வரலாமா சார்? டீ ஆயித்து, குடிச்சாச்சு. எந்தப் பெட்டி?

தியோடர்: அதோ, அலமாரிக்குக் கீழ. அந்தக் கறுப்பு.

மோனிகா: மாமா, நான் இன்னும் சரின்னு சொல்லல...

தியோடர்: நான் பிளக்க புடுங்கிட்டேன். கை வெக்காதப்பா, பக்கவாட்டுல சூடு! அடியில புடி. ஒரு போர்வை போட்டுக்கோ.

நாகேஷ்: அய்யோ தேவரே, கடவுளே... உள்ள இன்னா சார், கல்லா?

தியோடர்: கம்பி.

நாகேஷ்: எவ்ளோ கம்பி!

தியோடர்: ரெண்டு மாசத்துக் கம்பி. சாய்க்காத. டெம்போவுல முன்னாடி வையி, டிரைவர் பக்கத்துல. பின்னால ஆடும்.

நாகேஷ்: முன்னாடி மேடம் ஒக்காரணுமே?

மோனிகா: வைங்கண்ணா. நான் மடியில வெச்சுக்கறேன்.

தியோடர்: மடியிலயா? இருபத்திரண்டரை கிலோ!

மோனிகா: உங்க மடி தாங்குச்சுல்ல?

நாகேஷ்: ஸ்வல்ப, கொஞ்சம் கதவ புடிங்க மேடம்... ஆ... விடுங்க, நான் பாத்துக்கறேன்.

தியோடர்: படியில மெதுவா! மூணாவது படி ஒடஞ்சிருக்கு!

மோனிகா: போயிட்டாரு மாமா. ஒக்காருங்க.

தியோடர்: அது இல்லாம அந்த எடம் என்னமோ மாதிரி இருக்குது.

மோனிகா: சின்னத அங்க வைங்க.

தியோடர்: அப்ப... குடுத்துட்டியா?

மோனிகா: குடுத்துட்டேன். ஆனா நெஜத்த சொல்லுங்க. ஏன் வேணும் உங்களுக்கு?

தியோடர்: அவன் கையால சால்டர் வெச்சதும்மா. வேறென்ன? அவன் சட்ட, செருப்பு எல்லாம் குடுத்தாச்சு. போட்டோவுல இருக்கறது கல்யாண மாப்ள. அது என் பையன் மாதிரியே இல்ல. இதத் தொறந்து பாத்தா ஒவ்வொரு புள்ளியும் அவன் வெச்சது. ரெண்டு எடத்துல ஈயம் ஜாஸ்தி. சின்ன வயசுலருந்து அவனுக்கு அவசரம்...

மோனிகா: அழாதீங்க.

தியோடர்: அழல. நீ கெளம்பு. டெம்போக்காரன் கத்துவான்.

மோனிகா: மாமா... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

தியோடர்: ஆனேக்கல் போய் போன்ல சொல்லு.

மோனிகா: போன்ல சொல்ல முடியாது. பதினோரு மாசமா வாய் வரைக்கும் வந்து வந்து போகுது. சுனில்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்தேன், சொல்ல மாட்டேன்னு. ஆனா இத உங்ககிட்ட வுட்டுட்டு, அந்தப் பொய்யையும் சேத்து வுட்டுட்டுப் போக முடியல.

தியோடர்: இன்னா பொய்யி?

மோனிகா: அன்னிக்கு... அந்தப் போட்டியில... நீங்க ஜெயிக்கல. ஒயர மாத்துனது நான். எனக்குத் தெரியும். நீங்க நல்லா இருக்கு நல்லா இருக்குன்னு சொன்னதெல்லாம் இந்தச் சின்னதைத்தான். கண்ண மூடிக்கிட்டு, தலைய ஆட்டிக்கிட்டு, ‘இதாண்டா பாட்டு, இதுக்குப் பேருதான் பாட்டு’ன்னு... பெட்ஷீட்டுக்குப் பின்னாடி எனக்கு சிரிப்பத் தாங்க முடியல. முடிஞ்சதும் சொல்லப் போறாரு, மாமா மூஞ்சி எப்படிப் போகப் போவுதுன்னு காத்துக்கிட்டு நின்னேன். அவரு தாளப் பாத்தாரு. உங்களப் பாத்தாரு. என்ன தோணுச்சோ... எழுந்து வந்து உங்க கையப் புடிச்சு அப்படிச் சொல்லிட்டாரு.

தியோடர்: அப்புறம்?

மோனிகா: ராத்திரி சண்டை போட்டேன். ‘மாசக்கணக்குல சோப்பு டப்பா சோப்பு டப்பான்னு கேட்டுக்கிட்டிருந்தீங்க, ஜெயிச்சுட்டு ஏன் தோத்தேன்னு சொன்னீங்க’ன்னு. ‘அந்தாளுக்கு மைன்ஸ் போச்சு, ஊர் போச்சு, அம்மாவும் போயிட்டாங்க. அந்தப் பொட்டி ஒண்ணுதான் மோனி மிச்சம். அத நான் எடுத்துக்கணுமா?’ன்னாரு.

தியோடர்: அப்படியா சொன்னான்?

மோனிகா: அப்படியேதான் சொன்னாரு. அந்தக் காலண்டர் தாள் இன்னும் என்கிட்டதான் இருக்கு. பத்துக்கு ஒம்போது மாமா. ஒரே ஒரு பாட்டுலதான் உங்களுதச் சொன்னீங்க. கோவமா என் மேல? சொல்லாமயே போயிருக்கணுமோ?

தியோடர்: ஏழாவது பாட்டு.

மோனிகா: என்ன?

தியோடர்: அந்த ஒண்ணு. ஏழாவது பாட்டும்மா. அது தெரிஞ்சேதான் சொன்னேன். முதல் மூணு பாட்டுக்கு நெஜமாவே தெரியாது, காதுக்குப் புடிச்சத சொன்னேன். மூணாவது பாட்டு முடிஞ்சு அடுத்தது வர்றதுக்கு முன்னாடி ஒரு இடைவெளி வரும்ல, அப்பத் தெரிஞ்சுபோச்சு. என்னுது பாடாதப்பகூட ஸ்பீக்கர்ல லேசா முணுமுணுக்கும். நான் சுத்துன டிரான்ஸ்ஃபார்மர், அதோட குரல் எனக்குத் தெரியாதா? நல்லா இருக்குன்னு நான் சொன்னது பாடி நிறுத்துனப்ப அந்த முணுமுணுப்பு இல்ல. அவனுதுதான்னு புரிஞ்சுபோச்சு. புரிஞ்சும் பொய் சொல்ல வாய் வரல, அவ்ளோ நல்லா இருந்துச்சு. ஆனா ஏழாவது வரும்போது, பத்தையும் தூக்கி அவன்கிட்ட குடுத்துட்டா அப்புறம் நான் எதுக்குன்னு ஒரு அற்பப் புத்தி. ஒரு பாட்ட எனக்குன்னு வெச்சுக்கிட்டேன். அவன் வந்து கையக் குடுத்து, நீங்க ஜெயிச்சிட்டீங்கன்னு சொன்னப்ப மூஞ்சியப் பாத்தேன். பொய்யின்னு தெரியும். தெரிஞ்சேதான் வாங்கிக்கிட்டேன், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டும் திரிஞ்சேன். பத்தும் உன்னுதுதாண்டான்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். எனக்கு இருபது நாள் இருந்துச்சும்மா... சொல்லல.